படி எங்கிருந்து வந்தது?

சில ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவி ஒருத்தி தன் செய்முறைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்து வைத்தாள். சூடான நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்த ஐந்து அளவுகள் அதில் இருந்தன: தொடக்கத்தில் 90 டிகிரி செல்சியஸ், பிறகு 73.9, 62.0, 53.2, நாற்பதாவது நிமிடத்தில் 46.7. அறையின் வெப்பநிலை 28 டிகிரி. இந்த அளவுகளை விரிதாளில் இட்டு, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் மீச்சிறு வர்க்க முறையில் அவற்றுக்குப் பொருந்தும் இருபடிக் கோவையையும் அவளே கண்டிருந்தாள். நேரத்தை நிமிடத்தில் எடுத்துக்கொண்டால், வெப்பநிலை = 89.81 − 1.710 × நேரம் + 0.01593 × நேரத்தின் வர்க்கம். ஐந்து இடங்களிலும் கோவை தரும் விடைக்கும் வெப்பமானி காட்டிய அளவுக்கும் இடையே அரை டிகிரி வேறுபாடுகூட இல்லை.

நேரத்துக்கு 120 என்று இட்டுப் பார்க்கச் சொன்னேன். விடை 114 டிகிரி என்று வந்தது. அந்தக் கோவையை நம்பினால், நீர் ஏறக்குறைய 54ஆவது நிமிடத்தில் 44 டிகிரிக்கு இறங்கி, அங்கிருந்து அடுப்போ வெயிலோ இல்லாமல் தானாகவே சூடேறத் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் கொதிநிலையையும் தாண்டிவிட வேண்டும். "கணக்கில் எங்கும் பிழை இல்லையே சார், பிறகு ஏன் இப்படி வருகிறது?" என்று அவள் கேட்டாள். பல்லுறுப்புக் கோவைகளைப் பல ஆண்டுகள் நடத்தியிருந்தும், அந்தக் கேள்விக்கு முழுமையான பதிலை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரணிப்படுத்துவதையும் மூலங்கள் காண்பதையும் சொல்லிக்கொடுத்திருந்தேனே தவிர, உலகத்தில் நடக்கும் ஒன்றை எழுதுவதற்கு ஒரு கோவையை எப்போது நம்பலாம், எதுவரை நம்பலாம் என்பதைச் சொல்லியிருக்கவில்லை.

அவளுடைய கணக்கு சரியானதே. அந்தச் சார்பைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு இருந்தது. சூடான பொருள் ஆறும் வேகம், அதன் வெப்பநிலை சுற்றுப்புற வெப்பநிலையைவிட எவ்வளவு அதிகமாக இருக்கிறதோ அதற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நியூட்டனின் குளிர்வு விதி. அவளுடைய ஒவ்வோர் அளவிலிருந்தும் அறையின் 28 டிகிரியைக் கழித்துவிட்டால் 62, 45.9, 34.0, 25.2, 18.7 என்று வரும். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் 0.74 கிடைக்கிறது. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை, மிச்சமிருக்கும் சூடு முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. இப்படிச் சுருங்குவதை எழுத அடுக்குக்குறிச் சார்பு வேண்டும். மாறிலியைத் தவிர வேறு எந்தப் பல்லுறுப்புக் கோவைக்கும் ஓர் எல்லையை நெருங்கி அங்கேயே அடங்கியிருக்கும் இயல்பு கிடையாது. மாறியின் மதிப்பு பெருகப் பெருக, அது வரம்பின்றி ஏறியே தீரும், அல்லது வரம்பின்றி இறங்கியே தீரும். எனவே படியை, அதாவது கோவையில் மாறிக்கு வரும் மிக உயர்ந்த அடுக்கை, மூன்றாக்கினாலும் ஏழாக்கினாலும், அறையின் வெப்பநிலைக்கு வந்து நிற்கும் நீரை நெடுநேரத்துக்கு எழுதப் பல்லுறுப்புக் கோவையால் முடியாது.

அந்த உரையாடலுக்குப் பிறகு, எந்தப் பல்லுறுப்புக் கோவையைப் பார்த்தாலும் இதன் படி எங்கிருந்து வந்தது, இதன் சார்பகம், அதாவது மாறிக்கு இடத் தகுந்த மதிப்புகளின் வரம்பு, எங்கே முடிகிறது என்று முதலில் கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. விடை கிடைக்கும் இடங்களில் இந்தக் கோவைகளைப் போலத் தெளிவாகப் பேசும் கருவி வேறு இல்லை என்பதே என் கருத்து.

ஓடும் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவு அத்தகைய ஓர் இடம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட கணத்துக்கும் பிரேக்கில் கால் அழுந்தும் கணத்துக்கும் இடையில் சிறிது நேரம் கழிகிறது, அதை 1.5 நொடி என்று கொள்வோம். அந்த நேரத்தில் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பதால், கடக்கும் தொலைவு 1.5 × வேகம். பிரேக் பிடித்த பிறகு வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு உண்டு தீர்க்க வேண்டும். அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எதிர் முடுக்கத்தால் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொண்டால், இந்த இரண்டாம் பகுதி 0.1 × வேகத்தின் வர்க்கம். ஆக, நிற்கும் தொலைவு = 1.5 × வேகம் + 0.1 × வேகத்தின் வர்க்கம். இங்கே தொலைவு மீட்டரிலும், வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற அளவிலும் இருக்கிறது.

இந்தக் கோவையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் உறுப்பு மனிதருடைய தாமதம், இரண்டாவது வண்டியின் ஆற்றல். மாறிலி உறுப்பு இல்லாததற்கும் காரணம் உண்டு, ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் வண்டி நிற்பதற்குத் தொலைவு எதுவும் தேவையில்லை. கெழுக்களுக்கும் இதே போல முகவரி இருக்கிறது: ஓட்டுநர் களைத்திருந்தால் 1.5 என்பது கூடும், சாலை வழுக்கினால் 0.1 என்பது கூடும், ஒன்று மாறுவதால் மற்றொன்று மாறுவதில்லை. வேகம் நொடிக்கு 15 மீட்டராக, அதாவது மணிக்கு 54 கிலோமீட்டராக இருக்கும்போது இரண்டு உறுப்புகளும் சமமாகி ஆளுக்கு 22.5 மீட்டர் தருகின்றன. அதற்கு மேலே போகப் போக வர்க்க உறுப்பே ஆட்சி செய்கிறது. வேகம் இரட்டித்தால் தொலைவும் இரட்டிக்கும் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. அது எவ்வளவு ஆபத்தான எண்ணம் என்பதை இந்த ஒரு வரிக் கோவை காட்டிவிடுகிறது: நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 25 மீட்டரில் நிற்கும் வண்டி, 20 மீட்டர் வேகத்தில் 70 மீட்டர் எடுத்துக்கொள்கிறது, 30இல் 135, 40இல் 220.

காரணம் தெரியாமல் இந்த எண்கள் மட்டும் கையில் கிடைத்திருந்தாலும் படியைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு, நான் மிகவும் விரும்பிச் சொல்லிக்கொடுப்பது அது. 0, 25, 70, 135, 220 என்று எழுதி, அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டை எடுத்தால் 25, 45, 65, 85. அந்த வேறுபாடுகளுக்கு மீண்டும் வேறுபாடு எடுத்தால் 20, 20, 20. மாறி சம இடைவெளியில் கூடும்போது, இருபடிக் கோவையின் இரண்டாம் வேறுபாடுகளும் முப்படிக் கோவையின் மூன்றாம் வேறுபாடுகளும் மாறாமல் நிற்கும். இதைத் திருப்பிப் படித்தால், முதல் சில எண்கள் தெரிந்துவிட்ட பிறகு, பெருக்கலே இல்லாமல் கூட்டிக் கூட்டியே கோவையின் மதிப்புகளை எல்லாம் எழுதிவிடலாம். சார்லஸ் பாபேஜ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடிவமைத்த வேறுபாட்டு எந்திரம் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நின்றது. அவருடைய இரண்டாவது வடிவமைப்பின் கணக்கிடும் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் கட்டி முடித்து இயக்கிக் காட்டியது. அது ஏழாம் வேறுபாடு வரை எடுத்துக்கொண்டு, 31 இலக்க எண்களைக் கூட்டியது. கணினிக்கு முந்தைய காலத்தில் அட்டவணைகளை உண்டாக்கப் பல்லுறுப்புக் கோவையை நாடியதற்கு, அதைக் கூட்டலால் மட்டுமே கணக்கிட்டுவிட முடியும் என்பது ஒரு பெரிய காரணம்.

வடிவியலிலிருந்து படி பிறக்கும் இடங்கள் இன்னும் அழகானவை. உள் ஆரம் 1 மீட்டர் உள்ள கோள வடிவத் தொட்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேலிருந்து ஓர் அளவுகோலை இறக்கி, நனைந்த நீளத்தைப் பார்த்து, உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆழத்தை 'ஆ' என்று குறித்தால், அந்த ஆழத்தில் நீரின் மேற்பரப்பு ஒரு வட்டம். பிதாகரஸ் தேற்றத்தால் அதன் பரப்பு பை × (2ஆ − ஆ²) என்று கிடைக்கும். அடியிலிருந்து அந்த ஆழம் வரை உள்ள இப்படிப்பட்ட மெல்லிய வட்டத் தகடுகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அதாவது தொகையிட்டால், கன அளவு பை × (ஆ² − ஆ³/3). பரப்பு இருபடி, அதைத் தொகையிட்டதால் முப்படி. இந்தப் படியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கோளத்தின் வடிவமே அதைத் தீர்மானித்துவிட்டது.

தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 4,189 லிட்டர். ஆழம் 1 மீட்டரில் பாதி நிறையும் என்பதைச் சமச்சீரே சொல்லிவிடுகிறது. கால் பங்குக்கு எங்கே கோடு கிழிப்பது? பாதியின் பாதி என்று 50 செண்டிமீட்டரில் கிழித்தால் பெரிய தவறு. அங்கே 654 லிட்டர்தான் இருக்கும், அது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. கன அளவைக் கால் பங்குக்குச் சமப்படுத்திச் சுருக்கினால் ஆ³ − 3ஆ² + 1 = 0 என்ற சமன்பாடு வருகிறது. அதன் மூன்று மூலங்களும் மெய்யெண்களே: −0.532, 0.653, 2.879. மூன்றும் சமன்பாட்டைச் சரியாக நிறைவு செய்கின்றன. ஆனால் தொட்டிக்கு அடியில் அரை மீட்டர் கீழேயும் நீர் இல்லை, இரண்டு மீட்டர் உயரத் தொட்டியில் 2.879 மீட்டர் ஆழமும் இல்லை. ஆழம் 0 முதல் 2 வரை என்ற சார்பகத்தைக் கோவையோடு சேர்த்து எழுதியிருந்தால்தான் 65.3 செண்டிமீட்டர் என்ற ஒரே விடை எஞ்சுகிறது. பாடப்புத்தகக் கணக்குகளின் இறுதியில் 'குறை மதிப்பை விட்டுவிடுக' என்று ஒரு வரி வரும். அது ஏதோ சம்பிரதாயம் போல மாணவர்கள் மனத்தில் பதிந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த வரியில்தான் கணிதம் உலகத்தைத் தொடுகிறது. இங்கே விட்டுவிட வேண்டிய இரண்டில் ஒன்று மிகை எண் என்பதையும் கவனியுங்கள்.

இந்தச் சமன்பாட்டைச் சற்று நேரம் விட்டுப் பிரிய எனக்கு மனமில்லை. கோளம் ஒன்றை ஒரு தளத்தால் வெட்டி, இரு துண்டுகளின் கன அளவும் கொடுத்த விகிதத்தில் அமையச் செய்வது எப்படி என்பது ஆர்க்கிமிடீஸ் எடுத்துக்கொண்ட கேள்வி. நம் தொட்டியின் கால் பங்குக் கோடு அதன் ஒரு தனி வகைதான். ஆ என்பதற்குப் பதிலாக 1 + உ என்று இட்டால் அது உ³ − 3உ − 1 = 0 என்று மாறும். 60 டிகிரிக் கோணத்தை மூன்று சம பங்காக்கும்போது தோன்றும் சமன்பாடும் இதுவே. அளவு குறிக்காத கோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு அதைச் செய்ய முடியாது என்று பியேர் வான்ட்ஸெல் 1837இல் நிறுவினார். ஆக, கோளத் தொட்டியின் அளவுகோலில் கால் பங்கு என்ற ஒரு சிறு கோட்டை அந்த இரு கருவிகளால் மிகச் சரியாகக் கிழிக்கவே முடியாது. ஆனால் கோவையில் எண்களை மாற்றி மாற்றி இட்டு, சில நிமிடங்களில் மில்லிமீட்டர் வரை அதை நெருங்கிவிடலாம்.

விதியும் வடிவமும் படியைத் தராத இடங்களும் உண்டு. அங்கேயும் பல்லுறுப்புக் கோவை நேர்மையாக வேலை செய்ய முடியும். தொழிற்கூடங்களில் வெப்பநிலையை அளக்கும் பிளாட்டினம் மின்தடை உணரி அதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. பூச்சியம் டிகிரியில் 100 ஓம் மின்தடை உள்ள அந்த மெல்லிய கம்பியின் மின்தடை, வெப்பம் ஏற ஏறக் கூடுகிறது. கூடுவது ஏறத்தாழ ஒரு நேர்கோடு, ஆனால் முழுதும் நேர்கோடு அல்ல, கோடு மிக மெல்லக் கீழ்நோக்கி வளைகிறது. காலண்டர், வான் டூசன் என்ற இருவரின் பெயரால் வழங்கும் சமன்பாடு அந்த வளைவை ஒரு வர்க்க உறுப்பால் சரிசெய்கிறது: மின்தடை = 100 × (1 + 0.0039083 × வெப்பநிலை − 0.0000005775 × வெப்பநிலையின் வர்க்கம்). நூறு டிகிரியில் இது 138.51 ஓம் தருகிறது. வர்க்க உறுப்பை அற்பம் என்று விட்டுவிட்டால் 139.08 என்று வரும். அந்த அரை ஓம் வேறுபாடு வெப்பநிலையில் ஒன்றரை டிகிரிப் பிழையாகிவிடும்.

மென்மையாக வளையும் எந்தக் கோட்டையும் மிக அருகில் சென்று பார்த்தால் நேர்கோடாகத் தெரியும். சற்று விலகிப் பார்த்தால் இலேசான பரவளையமாகத் தெரியும். இந்தச் சமன்பாடு பயன்படுத்திக்கொள்வது அதைத்தான். இந்த உணரிகளுக்கான தரநிலை இதை 0 முதல் 850 டிகிரி வரை மட்டுமே அனுமதிக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே −200 வரை செல்ல மற்றோர் உறுப்பைச் சேர்க்கிறது. இந்த எல்லை ஏன் வேண்டும் என்பதைக் கோவையிடமே கேட்கலாம்: பரவளையத்தின் முனை ஏறக்குறைய 3,384 டிகிரியில் இருக்கிறது, அதற்குப் பிறகு மின்தடை குறையத் தொடங்கும் என்று அது சொல்கிறது. பிளாட்டினமோ 1,768 டிகிரியிலேயே உருகிவிடும். என் மாணவியின் கோவை குளிர்ந்த நீரைத் தானாகச் சூடேற்றியதற்கும் இதற்கும் கணித அளவில் வேறுபாடே இல்லை. வேறுபாடு, எல்லையைச் சொன்னதிலும் சொல்லாமல் விட்டதிலும் இருக்கிறது.

அளவுகளை வைத்துக்கொண்டு படியைத் தேடும்போது பெரும்பாலோர் இடறும் இடம், படியைக் கூட்டக் கூட்டப் பொருத்தம் கூடும் என்ற நம்பிக்கை. குறித்த புள்ளிகளில் அது உண்மைதான். ஆறு புள்ளிகள் இருந்தால் ஐந்தாம் படிக் கோவை ஒன்று அவை அனைத்தின் வழியாகவும் போய்விடும். ஆனால் புள்ளிகளுக்கு இடையில் அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. −1க்கும் 1க்கும் இடையில், 1 / (1 + 25 × மாறியின் வர்க்கம்) என்ற மணி போன்ற அமைதியான சார்பை எடுத்து, சம இடைவெளியில் புள்ளிகள் வைத்து, அவை அனைத்தின் வழியாகவும் செல்லும் கோவையைக் கண்டால், புள்ளிகளைக் கூட்டக் கூட்ட ஓரங்களில் கோவை மேலும் மேலும் மூர்க்கமாக ஆடுகிறது என்பதைக் கார்ல் ருங்கே 1901இல் காட்டினார். தொடர்ச்சியான எந்தச் சார்பையும் ஒரு மூடிய இடைவெளியில் பல்லுறுப்புக் கோவையால் விரும்பிய அளவுக்கு நெருங்கலாம் என்று வயர்ஸ்ட்ராஸ் 1885இல் நிறுவியிருந்தார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல: நெருங்கும் கோவை ஒன்று உண்டு என்பது ஒரு செய்தி, நாம் அவசரத்தில் கையிலெடுத்த கோவை அதுதானா என்பது மற்றொன்று.

இடைவெளிக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். 2020 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழு வெளியிட்ட ஒரு வரைபடத்தில், அந்நாட்டின் கொரோனா இறப்புகளோடு 'முப்படிப் பொருத்தம்' என்ற கோடு ஒன்றும் இருந்தது. அந்தக் கோடு மே மாத நடுவிலேயே பூச்சியத்தை நெருங்கியது. நோய்த்தொற்று பரவுவதிலும் ஓய்வதிலும் முப்படி என்ற ஒன்றைத் தோற்றுவிக்கும் காரணம் எதுவும் இல்லை. இறப்புகள் அந்தக் கோட்டைப் பின்பற்றவில்லை. அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குவளை நீர்தான் நினைவுக்கு வந்தது, ஆனால் இங்கே அளவுகளாக நின்றவை மனித உயிர்கள்.

எனவே மாணவியின் இருபடிக் கோவையை நான் அழிக்கச் சொல்லவில்லை. 25ஆவது நிமிடத்தில் அவள் வெப்பமானியைப் பார்க்கவில்லை; அவளுடைய கோவை அங்கே 57.0 டிகிரி என்கிறது, குளிர்வு விதி 57.3 என்கிறது. அளந்த இடைவெளிக்குள் இடைச்செருகல் செய்ய, அதாவது அளக்காமல் விட்ட மதிப்புகளைக் கணிக்க, அது நல்ல துணை. குறிப்பேட்டில் கோவைக்குப் பக்கத்திலேயே 'நேரம் 0 முதல் 40 வரை' என்று எழுதச் சொன்னேன். புறச்செருகலுக்கு, அதாவது அந்த எல்லைக்கு அப்பால் கணிக்க, குளிர்வு விதியைத் தனியாக அடுத்த பக்கத்தில் எழுதினாள்.

ருங்கே காட்டிய ஆட்டத்துக்கு மாற்றாகப் பொறியாளர்கள் கண்ட வழியும் இந்த எல்லை கட்டும் வழிதான். நீண்ட வளைவு ஒன்றை உயர்ந்த படிக் கோவையால் ஒரே மூச்சில் எழுதாமல், சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முப்படிக் கோவை கொடுத்து, இணையும் இடத்தில் சாய்வும் ஒத்துப்போகும்படி செய்கிறார்கள். பிரான்சின் கார் நிறுவனங்களில் வண்டியின் உடல் வடிவத்தை வரைய, சிட்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோவில் பியேர் பெசியேயும் தனித்தனியே இத்தகைய வளைவுகளை உருவாக்கினார்கள். அவைதான் பிறகு எழுத்துருக்களுக்குள் வந்து சேர்ந்தன. ட்ரூடைப் எழுத்துருக்களில் இருபடித் துண்டுகள், போஸ்ட்ஸ்கிரிப்ட் வகையில் முப்படித் துண்டுகள். நீங்கள் இப்போது திரையில் படித்துக்கொண்டிருக்கும் 'இ' என்ற எழுத்தின் சுழியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது உடையாமல் வழவழப்பாகவே தெரிவது, புள்ளிகளாக அல்லாமல் கோவைகளாக அது சேமிக்கப்பட்டிருப்பதால்தான். அந்தச் சுழியின் ஒவ்வொரு துண்டிலும் அளவுரு, அதாவது கோவையின் மாறி, 0இல் தொடங்கி 1இல் முடிகிறது. 1ஐத் தாண்டியும் அந்தக் கோவைக்கு மதிப்பு உண்டு, ஆனால் எழுத்துரு அங்கே எதையும் வரைவதில்லை, அடுத்த துண்டு தொடங்கிவிடுகிறது.